பரிசுத் திட்டங்களும் நுகர்வோர் பாதுகாப்பும்

(நுகர்வோர் நலன் குறித்த கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பண்டிகைக் காலம் நெருங்க நெருங்க, நாட்டின் கடைவீதிகளில் விலைப் பலகைகளைவிடப் பரிசுப் பலகைகளே பெரிதாகத் தெரிகின்றன. கேரளத்தில் ஓணம், வங்காளத்தில் துர்க்கா பூஜை, தமிழகத்தில் தீபாவளி எனப் பருவம் மாறினாலும் அறிவிப்பின் வாசகம் மாறுவதில்லை. குறிப்பிட்ட தொகைக்குப் பொருள் வாங்கினால் ஒரு கூப்பன். குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டால் கார், தங்க நாணயம், வெளிநாட்டுப் பயணம். வாங்குபவர் கூப்பனில் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிப் பெட்டியில் இடுகிறார். அந்தப் பெட்டி எப்போது திறக்கப்பட்டது, யார் முன்னிலையில் திறக்கப்பட்டது, பரிசு யாருக்குச் சென்றது என்பன பெரும்பாலோருக்குத் தெரியாமலே போய்விடுகின்றன.

வியாபாரி தம் வாடிக்கையாளருக்குப் பரிசு தருவது தன்னளவில் தீங்கான செயல் அன்று. பரிசின் செலவை யார் ஏற்கிறார், அது கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, முடிவு என்ன ஆயிற்று என்ற மூன்றும் மறைக்கப்படும்போதுதான் நுகர்வோருக்குத் தீங்கு நேர்கிறது. இந்தியாவில் பரிசுத் திட்டங்களை ஒழுங்குபடுத்த 1955 முதல் இயற்றப்பட்ட சட்டங்களைத் தொடர்ந்து நோக்கினால், தடை விதிப்பதில் தொடங்கிய சட்டம் படிப்படியாகத் தகவல் தரும்படி கட்டளையிடும் நிலைக்கு வந்திருப்பதைக் காணலாம். தடைகள் பல நீதிமன்றங்களில் தளர்ந்திருக்கின்றன. தகவல் தரும் கடமையோ நுகர்வோரின் கையில் எளிய கருவியாக இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

தகவலின் பயன் யாதென்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். ஒரு துணிக்கடை, ரூ.1,000-க்குத் துணி வாங்குபவருக்கு ஒரு கூப்பன் வீதம் தருவதாகக் கொள்வோம். பண்டிகைக் காலம் முழுவதிலும் 50,000 கூப்பன்கள் வழங்கப்படுகின்றன. பரிசு ரூ.6 லட்சம் மதிப்புள்ள ஒரு கார். அப்படியானால் ஒவ்வொரு கூப்பனின் சராசரி மதிப்பு ரூ.12 மட்டுமே. ரூ.600-க்குத் துணி வாங்க வந்த ஒரு குடும்பம், கூப்பனுக்காக மேலும் ரூ.400-க்குத் தேவையற்ற ஒன்றை வாங்குமானால், ரூ.12 மதிப்புள்ள வாய்ப்புக்காக ரூ.400 செலவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போட எந்தக் குடும்பத் தலைவிக்கும் பொருளாதாரப் பயிற்சி தேவையில்லை. தேவைப்படுவது ஒரே ஓர் எண்: வழங்கப்படும் கூப்பன்கள் எத்தனை என்பது. பலகையில் காரின் படம் பெரிதாக இருக்கிறது. அந்த எண் மட்டும் இருப்பதில்லை. கடைக்காரர் காருக்குச் செலவிட்ட தொகை விளம்பரச் செலவில் சேர்கிறது. விளம்பரச் செலவோ இறுதியில் விற்பனை வருவாயிலிருந்தே ஈடுசெய்யப்பட வேண்டும். பரிசு பெறும் ஒருவருக்காக, பெறாத 49,999 கூப்பன்காரர்களும் ஏதோ ஒரு வகையில் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

சொற்போட்டிகள் முதல் லாட்டரி வரை

சூதின் கேட்டை இந்திய இலக்கியங்கள் பழங்காலம் முதலே உணர்த்தி வந்துள்ளன. மகாபாரதத்தின் பெரும்போருக்கு வித்திட்டது ஒரு சூதாட்டம். திருக்குறள் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், அரசின் அனுமதியின்றி லாட்டரி நடத்த இடம் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 294-அ பிரிவு 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதே குற்றம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 297-ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது.

நாடு விடுதலை பெற்ற பின்னர் முதலில் கவனத்தை ஈர்த்தவை பத்திரிகைகள் வாயிலாக நடைபெற்ற சொற்போட்டிகள். குறுக்கெழுத்துப் போட்டி, விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிக்கும் போட்டி, படப் போட்டி என்ற பெயர்களில் நுழைவுக் கட்டணம் வாங்கப்பட்டது. ஒரே கட்டத்துக்குப் பல சொற்கள் பொருந்தும். அமைப்பாளரின் உறையில் எந்தச் சொல் இருக்கிறதோ அதுவே சரியான விடை. அறிவுக்குச் சோதனை என்ற தோற்றத்தில் நடைபெற்றவற்றுள் பல உண்மையில் ஊகத்தின் மேல் வைக்கப்பட்ட பந்தயங்களாகவே இருந்தன. சென்னை, பம்பாய், ஆந்திரம், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களின் சட்டமன்றங்கள் நிறைவேற்றிய தீர்மானங்களின் பேரில், நாடாளுமன்றம் 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது.

அச்சட்டத்தின்படி, ஒரு மாதத்தில் வழங்கும் பரிசுகளின் மொத்த மதிப்பு ரூ.1,000-ஐத் தாண்டும் போட்டியை எவரும் நடத்தலாகாது. அந்த வரம்புக்கு உட்பட்ட போட்டிகளுக்கும் உரிமம் வேண்டும். கணக்கு வைத்திருக்க வேண்டும். ஒரு போட்டிக்கு வரும் நுழைவுகள் 2,000-ஐ மிகக்கூடாது. இந்தக் கடைசி விதி கருதத்தக்கது. நுழைவுகளுக்கு வரம்பு கட்டியதன் மூலம், வெற்றி வாய்ப்பு எந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்பதையும் சட்டம் மறைமுகமாக வரையறுத்துவிட்டது.

1957 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இப்பொருள் குறித்து இரு தீர்ப்புகளை வழங்கியது. சூதாட்டம் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறும் வணிகம் ஆகாது என்று தலைமை நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் ஒரு தீர்ப்பில் நிறுவினார். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தற்செயலை நம்பும் போட்டிகளையே கட்டுப்படுத்தும், கணிசமான திறமை தேவைப்படும் போட்டிகளைத் தொடாது என்று நீதிபதி டி.எல்.வெங்கடராம ஐயர் மற்றொன்றில் விளக்கினார். திறமைக்கும் தற்செயலுக்கும் இடையே அன்று வரையப்பட்ட இந்தக் கோடு, பின்வந்த பல வழக்குகளிலும் விவாதத்தின் மையமாக விளங்கியது.

தனியார் லாட்டரிகள் தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில் அரசு லாட்டரிகளுக்கு இடம் இருந்தது. கேரள அரசு 1967-இல் லாட்டரியைத் தொடங்கியது; தமிழ்நாடு உள்ளிட்ட பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. தமிழ்நாடு அரசு 2003-இல் எல்லா லாட்டரிச் சீட்டுகளின் விற்பனைக்கும் தடை விதித்தது. இடைக்காலத்தில் நாடெங்கும் ஒற்றை இலக்க லாட்டரிகள் பெருகின. ஒரே நாளில் பல குலுக்கல்கள் நடைபெற்றன. அன்றாடக் கூலி அன்றே கரைந்தது. 1998-ஆம் ஆண்டு லாட்டரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் இதற்கு எல்லை வகுத்தது. ஒற்றை இலக்கத்தின் அடிப்படையிலோ முன்கூட்டி அறிவித்த எண்ணின் அடிப்படையிலோ பரிசு வழங்கலாகாது. சீட்டில் மாநில அரசின் முத்திரை இருக்க வேண்டும். குலுக்கலை மாநில அரசே தன் எல்லைக்குள் நடத்த வேண்டும். ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. பம்பர் குலுக்கல்கள் ஆண்டுக்கு ஆறுக்கு மேற்படலாகாது. பிற மாநிலங்களின் சீட்டுகளைத் தன் எல்லைக்குள் விற்பதைத் தடுக்கும் உரிமையும் மாநிலத்துக்கு அளிக்கப்பட்டது. அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் கூறியது.

சேமிப்பு என்ற போர்வை

பரிசின் கவர்ச்சி சேமிப்புத் துறையிலும் புகுந்தது. வழக்கமான சீட்டில், உறுப்பினர்கள் மாதந்தோறும் செலுத்தும் தொகை ஏலத்தின் மூலமோ குலுக்கலின் மூலமோ முறைப்படி ஒருவர் பின் ஒருவராக எல்லா உறுப்பினருக்கும் சென்று சேர்கிறது. பரிசுச் சீட்டு இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. மாதத் தவணை செலுத்துவோரில் குலுக்கலில் வென்றவர் பரிசு பெற்று விலகிக்கொள்வார். மற்றவர்கள் தவணைக் காலம் முடியும்வரை செலுத்திவிட்டுத் தங்கள் தொகையைப் பெரும்பாலும் வட்டியின்றித் திரும்பப் பெறுவார்கள். பலருடைய வட்டி, சிலருக்குப் பரிசாகவும் நடத்துபவருக்கு இலாபமாகவும் மாறிவிடும்.

இந்திய ரிசர்வ் வங்கி 1974-இல் ஜேம்ஸ் எஸ்.ராஜ் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. பரிசுச் சீட்டுகளால் முதன்மையாகப் பயனடைவோர் அவற்றை நடத்துபவர்களே என்று கண்ட அக்குழு, அவற்றைத் தடைசெய்யும்படி பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1978-இல் பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம் இயற்றப்பட்டது. இத்தகைய திட்டத்தை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் வழி செய்தது. அது அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. வழக்கமான சீட்டுகளை ஒழுங்குபடுத்த 1982-இல் தனிச் சட்டம் வந்தது. ஆளுக்கு ஆள் சேர்த்தால் பணம் பெருகும் என்று கூறும் சங்கிலித் திட்டங்களை நேரடி விற்பனை நிறுவனங்கள் நடத்துவதற்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் தடை விதித்தன.

கடையில் தரும் பரிசு

லாட்டரிச் சீட்டு வாங்குபவருக்குத் தாம் வாங்குவது வாய்ப்பை மட்டுமே என்பது தெரியும். சோப்போ பானமோ வாங்குபவர் நிலை வேறு. அவர் பொருளுக்கு விலை கொடுக்கிறார். வாய்ப்பு இலவசமாக வருவதாக எண்ணுகிறார். இந்த எண்ணத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வணிகத்தைக் கட்டுப்படுத்த நெடுங்காலம் தனி விதி இருக்கவில்லை. ஏகபோகங்கள் மற்றும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம் 1970-இல் நடைமுறைக்கு வந்தபோது, விளம்பரத்தால் ஏமாற்றப்படும் நுகர்வோருக்கு அதில் நேரடிப் பாதுகாப்பு இல்லை. நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 1978-இல் இக்குறையை எடுத்துக்காட்டியது. 1984-இல் அச்சட்டத்தில் 36-அ பிரிவு சேர்க்கப்பட்டது.

நேர்மையற்ற வணிக நடைமுறைகள் எவை என்று அப்பிரிவு பட்டியலிட்டது. கொடுக்கும் எண்ணமின்றிப் பரிசு அறிவிப்பது. விலையில் முழுவதுமோ பகுதியோ அடங்கியுள்ள ஒன்றை இலவசம் என்று தோன்றச் செய்வது. விற்பனையைப் பெருக்கும் பொருட்டுப் போட்டி, லாட்டரி, தற்செயல் அல்லது திறமை விளையாட்டு நடத்துவது ஆகியவை அப்பட்டியலில் இடம்பெற்றன. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இவற்றை ஏற்றுக்கொண்டது. 36-அ பிரிவைக் கொண்டிருந்த சட்டம் 2009-இல் நீக்கப்பட்ட பின்னரும் இவ்விதிகள் நுகர்வோர் சட்டத்தில் நிலைத்தன. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் தொடர்கின்றன.

ஏட்டில் கடுமையாகத் தோன்றும் இவ்விதிகள் வழக்கு மன்றத்தில் எப்படி நின்றன? இரண்டு வழக்குகள் இதற்கு விடை தருகின்றன.

முதலாவது, ஊட்டச்சத்துப் பானம் ஒன்றைப் பற்றியது. சில புட்டிகளுக்குள் மட்டும் பரிசுக்குரிய சீட்டு வைக்கப்பட்டிருந்தது. இது லாட்டரி ஆகுமா என்பது கேள்வி. 1998-இல் உச்ச நீதிமன்றம் ஆகாது என்றது. குலுக்கல் எதுவும் நடைபெறவில்லை. பங்கேற்பதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. வாங்கியவர்கள் பொருளின் வழக்கமான விலையையே கொடுத்தார்கள் என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

இரண்டாவது, 2007-இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியைப் பற்றியது. நேயர்கள் எளிய வினா ஒன்றுக்குக் குறுஞ்செய்தியில் விடை அனுப்ப வேண்டும். ஒரு செய்திக்குக் கட்டணம் ரூ.2.40. சரியான விடை அனுப்பியவர்களில் ஒருவர் குலுக்கல் முறையில் பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார். பங்கேற்பு இலவசம் என்ற தோற்றத்தை உண்டாக்கி, கட்டணத்திலிருந்தே பரிசு வழங்கப்பட்டது என்று நுகர்வோர் அமைப்பு ஒன்று முறையிட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் இதனை நேர்மையற்ற வணிக நடைமுறை எனக் கண்டு ரூ.1 கோடி தண்டனை இழப்பீடு விதித்தது. ஆனால் பரிசுத் தொகை குறுஞ்செய்தி வருவாயிலிருந்து வழங்கப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2019-இல் அந்த ஆணையை நீக்கியது.

சான்றின்றிப் பழி சுமத்தலாகாது என்பது நீதியின் அடிப்படை. ஆயினும் இங்கே தோன்றும் இடர்ப்பாட்டை மறுக்க இயலாது. பரிசின் செலவு எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் ஏடுகள் நிறுவனத்திடம் இருக்கின்றன. அதனை மெய்ப்பிக்கும் சுமையோ ரூ.2.40 செலவிட்ட நேயர் பக்கம் விழுகிறது.

முடிவை அறிவிக்கும் கடமை

இந்தப் பின்னணியில்தான் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் அருமை விளங்குகிறது. பரிசுத் திட்டம் முடிந்த பின் அதன் இறுதி முடிவைப் பங்கேற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் மறைப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அத்திருத்தம் சேர்த்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது. திட்டம் முதலில் எந்தச் செய்தித்தாளில் விளம்பரம் செய்யப்பட்டதோ, அதே செய்தித்தாளில் நியாயமான காலத்துக்குள் முடிவை எடுப்பாக வெளியிட்டால், தெரிவித்ததாகக் கொள்ளப்படும்.

இவ்விதியின் வலிமை அதன் எளிமையில் இருக்கிறது. விலையில் பரிசுச் செலவு அடங்கியிருந்ததா, விளையாட்டு திறமை சார்ந்ததா தற்செயல் சார்ந்ததா என்ற சிக்கலான வினாக்கள் இங்கே எழுவதில்லை. முடிவு வெளியிடப்பட்டதா, இல்லையா என்ற ஒரே கேள்விதான். அதற்குரிய சான்றை நுகர்வோர் நிறுவனத்தின் கணக்கேடுகளில் தேட வேண்டியதில்லை. விளம்பரம் வந்த நாளிதழ் ஒரு கையில் இருந்தால் போதும். மற்றொரு கையில் இருக்க வேண்டிய நாளிதழைக் காட்டும் பொறுப்பு நடைமுறையில் நிறுவனத்தையே சேரும்.

பின்வந்த நெறிமுறைகளும் இதே திசையில் செல்கின்றன. 2020-இல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. விளம்பரத்துக்கு மறுமொழி அனுப்பவும் பொருளைப் பெற்றுக்கொள்ளவும் ஆகும் தவிர்க்க முடியாத செலவு நீங்கலாக வேறு கட்டணம் இருக்குமானால் அப்பொருளை இலவசம் என்று கூறலாகாது. தேவையின்றிப் பொருள் வாங்கும்படி குழந்தைகளைத் தூண்டுவதற்குப் பரிசுப் பொருளைக் காட்டலாகாது. தவறான விளம்பரத்துக்கு ஆணையம் ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம்.

இல்லாத பரிசு

குலுக்கலே நடைபெறாமல் பரிசு விழுந்ததாக வரும் செய்திகள் வேறு வகை. இவற்றை வணிகம் என்று கூறுவதற்கில்லை. இவை வெறும் மோசடி. அயல்நாட்டு லாட்டரியில் பெருந்தொகை விழுந்திருப்பதாகவும், வரிக்கும் செலவுக்கும் முன்பணம் அனுப்பினால் பரிசு வந்து சேரும் என்றும் கடிதமோ மின்னஞ்சலோ கைப்பேசிச் செய்தியோ வருகிறது. கடையில் கூப்பனில் எழுதித் தந்த பெயரும் எண்ணும் தவறான கைக்குச் சென்றால், இத்தகையோருக்கு அதுவே முகவரிப் பட்டியலாகிவிடும்.

இரண்டு செய்திகளை அறிந்திருந்தால் இவ்வலையில் விழாமல் தப்பலாம். முதலாவது, லாட்டரிச் சீட்டு வாங்குவதற்கோ அயல்நாட்டுப் பந்தயத் திட்டங்களுக்கோ இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதை 2000-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகள் தடைசெய்துள்ளன. பொய்யான பரிசு அறிவிப்புகளுக்குப் பணம் அனுப்புவதற்கு எதிராக ரிசர்வ் வங்கி 2010-இல் வங்கிகளை எச்சரித்துள்ளது. இரண்டாவது, முறையான பணப் பரிசில் வருமான வரியைப் பரிசு வழங்குபவரே தொகையிலிருந்து பிடித்தம் செய்துவிட்டு மீதியைத் தருவார். கார் போன்ற பொருட்பரிசாயின் வரி செலுத்தப்பட்டதை உறுதி செய்துகொண்டு பொருளை ஒப்படைப்பார். முன்பின் அறியாத ஒருவரின் வங்கிக் கணக்கில் முன்பணம் கட்டச் சொல்லும் பரிசு, பரிசாக இருக்க முடியாது.

கைப்பேசி வழியே பணம் வைத்து ஆடும் விளையாட்டுகள் பெருகியதால், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் அவற்றுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சொற்போட்டிகளுக்காக 1955-இல் தொடங்கிய பணி புதிய கருவிகளுக்கேற்பத் தொடர்வதையே இது காட்டுகிறது.

செய்ய வேண்டியவை

2019-ஆம் ஆண்டுச் சட்டம், விற்பனைப் பெருக்கத்துக்கான போட்டிகளைப் பொதுவாக நேர்மையற்றவை என்று கூறியபோதிலும், விதிகளில் குறிப்பிடப்படும் போட்டிகளுக்கு விலக்கு அளிக்க இடம் தந்திருக்கிறது. அந்த விலக்கைத் தகவல் தரும் கடமையோடு இணைப்பது நலம். பரிசுகளின் எண்ணிக்கையும் மதிப்பும், வழங்கப்படும் கூப்பன்களின் உச்ச எண்ணிக்கை, குலுக்கலின் நாளும் இடமும், முடிவு வெளியாகும் நாளிதழ் ஆகிய நான்கையும் கூப்பனிலேயே அச்சிடும் நிறுவனத்துக்குத் திட்டம் நடத்த இசைவு தரலாம். பரிசுச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது என்பதைக் கேட்கப்படும்போது காட்டும் பொறுப்பையும் அந்நிறுவனத்தின் மீதே சுமத்தலாம். நேர்மையான வியாபாரிக்கு இவற்றால் இழப்பு இல்லை. நேர்மையற்றவரோடு போட்டியிட வேண்டிய கட்டாயத்திலிருந்து அவர் விடுபடுவார்.

சட்டம் எவ்வளவு திருந்தினாலும் முறையிடுவோர் இல்லையெனில் அது உறங்கிவிடும். நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம், ரூ.5 லட்சம் வரையுள்ள புகார்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரப்பட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். இணையவழியில் பணம் இழந்தவர்கள் காலம் தாழ்த்தாது 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும். பலரைப் பாதிக்கும் திட்டமாயின் மாவட்ட ஆட்சியரிடமும் புகார் செய்யலாம். விசாரித்து அறிக்கை அளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கல்லூரி நுகர்வோர் மன்றங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதில் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். தம் ஊரில் ஒரு பண்டிகைக் காலத்தில் அறிவிக்கப்படும் பரிசுத் திட்டங்களின் விளம்பரங்களைச் சேகரித்து வைத்து, சில மாதங்களுக்குப் பின் அவற்றின் முடிவுகள் வெளியாயினவா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். வெளியாகாதவற்றுக்கு ஒரு கடிதம். அதற்கும் பதில் இல்லையெனில் ஒரு புகார். பரிசு விழாதவருக்கும் அதன் முடிவை அறியும் உரிமை உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறும் பழக்கம் மக்களிடையே வேரூன்றும்போதுதான் கடைவீதியின் பரிசுப் பெட்டி அனைவர் முன்னிலையிலும் திறக்கப்படும்.